குறைந்து வந்த பில்

கரண்டு ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்க மனு அப்படியேதாம்மா இருக்கு. சலுகை இன்னும் ஏறல."

அவள் நகரவில்லை.

"போன தடவை பில்லு பாதியா வந்துச்சே சார்."

"கரண்டைக் கம்மியாச் செலவழிச்சிருப்பீங்க. தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்குது."

கம்மியாகவா?

வீட்டில் ஒரு லைட்டு, ஒரு ஃபேன். அப்புறம் புருஷனுடைய ஆக்சிஜன் மிஷின். கல்குவாரித் தூசி அரித்துத் தின்ற நெஞ்சு. ராத்திரி பகல் மிஷினை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

பில் குறைந்ததும் சர்க்கார் கண் திறந்துவிட்டது என்று தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். நீங்களும் எழுதிப் போடுங்கடி என்றாள். வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னாள்.

அவர் சிரித்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நின்றாள். நிற்க முடியவில்லை. நடந்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மிஷின் ஓடும். பொழுது சாய்ந்து திரும்பும்போதும் ஓடும்.

நடுவில்?

நடை ஓட்டமானது.

சந்து முனையிலேயே அந்த இரைச்சல் கேட்கும். கேட்கவில்லை. கரண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

எதிர்வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளினாள்.

சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல. டியூபைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்.

அவளைக் கண்டதும் கை சுவிட்சைத் தேடியது. எட்டவில்லை.

"குருவம்மா... என்ன... இம்புட்டுச் சீக்கிரம்?"

சுவிட்சைப் போட்டாள். டியூபை மூக்கில் மாட்டினாள்.

கத்த வேண்டும்போல இருந்தது. காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

"சலுகை குடுத்துட்டாங்க," என்றாள். "மிஷினுக்குன்னே தனியா. எவ்வளவு ஓடுனாலும் காசு கிடையாதாம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"பகலுக்குமா?"

"பகலுக்குந்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

அவளுக்குத்தான் உட்கார முடியவில்லை.