நீலத் தடம்

அஸ்காவின் உள்ளங்காலில் வெள்ளைக்கார நோனா நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

சுவரோரக் கதிரையில் இருந்த முஸம்மிலுக்கு அது என்ன கூத்து என்று விளங்கவில்லை. உப்பளத்தில் இன்று உப்பு வாரும் நாள். பாத்திக்குள் நின்றவனை விசேட பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து அலீமா டீச்சர் போனில் கூப்பிட, காலைக்கூடக் கழுவாமல் ரோட்டைக் கடந்து வந்திருந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈரக்காலோடு கறுத்த சீமெந்துத் தரையில் நடந்து வந்து உட்கார்ந்தவன், இன்னும் எழும்பவில்லை.

மகள் அஸ்காவுக்கு எட்டு வயது. பிறந்த அன்றே டொக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார், இது டவுன் சின்ட்ரோம் பிள்ளை, எல்லாம் பிந்தித்தான் வரும் என்று.

பிந்தித்தான் வந்தது. நாலு வயதில் நடந்தாள். நடந்த நாள் முதல் அவள் குதிகால் நிலத்தில் பட்டதில்லை. விரல்களை ஊன்றி, முள்ளுக்குள் போகிறவள் மாதிரி ஒரு நடை. தரை சுடுகிறதாக்கும் என்றாள் அவன் மனைவி அஸ்ரியா. சுடாத தரையிலும் அப்படித்தான்.

நாளை மறுநாள் கொழும்பில் இருந்து டொக்டர்மார் வருகிறார்கள். குதிகாலுக்கு மேலே ஓடும் நரம்பை வெட்டி நீட்ட வேண்டும் என்று போன தடவையே எழுதிவிட்டுப் போனார்கள். வாப்பாவின் கையெழுத்துத்தான் பாக்கி.

படிவம் மடியில் இருந்தது. உப்புக் கையால் பிடித்துப் பிடித்து ஓரம் ஊறிப்போயிருந்தது. கையெழுத்து வைத்தால் பிள்ளையை வெட்டுவார்கள். வைக்காவிட்டால் பிள்ளை காலம் முழுக்க இப்படியே நடக்கும். இரண்டுக்கும் அவனுக்குப் பயம்.

நோனாவின் பெயர் அனெக். ஒல்லாந்தில் கால் கை வைத்தியம் படிக்கிறவள். மூன்று மாதம் இந்தப் பிள்ளைகளோடு சம்பளம் இல்லாமல் இருக்க வந்தவள் என்றபோது உப்பளத்தில் ஒருத்தனும் நம்பவில்லை. ஊரில் ஏதோ பிழை செய்துவிட்டு ஓடி வந்திருப்பாள் என்றார்கள். ஆனால் சும்மா வந்தவள் சும்மா இருக்கவில்லை. எச்சில் துடைத்தாள், பீ கழுவினாள், மிச்ச நேரம் எல்லாம் கொப்பியில் எழுதினாள்.

இப்போது அவள் அஸ்காவின் பாதத்தைப் பிடித்து மேலே வளைத்தாள். இலகுவாக மடிந்தது. மறுபடியும் வளைத்தாள். அப்போதும் மடிந்தது. அலீமா டீச்சரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"நரம்பு இறுகி இல்லையாம் நாநா. கால்ல ஒரு பிழையும் இல்லையாம். அப்ப ஏன் இந்தப் புள்ள இப்பிடி நடக்குதுண்டுதான் நோனாவுக்கு மண்டைக்குள்ள குடையுது."

"எனக்கு மட்டும் வெளங்குதா," என்றான் முஸம்மில்.

தரையில் நீளமான வெள்ளைக் கடதாசி விரித்திருந்தது. அந்தப் பக்கம் போய்க் குந்திய நோனா, "வா, வா," என்றாள்.

அஸ்கா வரவில்லை. நோனா புருவத்தைச் சுருக்க, அவளும் சுருக்கினாள். டீச்சர் இடுப்பில் கை வைக்க, அவளும் வைத்தாள். அது அவள் வழமை. உம்மா தும்மினால் தும்முவாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மாதிரிக் கனைத்துக் காட்டி ஊரையே சிரிக்க வைத்திருக்கிறாள். சொல்லிக் கொடுத்தது ஒன்றும் ஏறாது. கண்ணால் பார்த்தது ஒன்றும் தப்பாது.

பிறகு, தனக்கு மனம் வந்தபோது நடந்தாள்.

கடதாசியில் நீலத் தடங்கள் வரிசையாக விழுந்தன. ஐந்து விரல், கொஞ்சம் முன்பாதம். குதிகால் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

கடதாசியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போன நோனா, பாதி வழியில் நின்றாள். தரையைப் பார்த்தாள். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

முஸம்மிலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசலில் இருந்து கதிரை வரைக்கும் அவன் நடந்து வந்த ஈரம், ஃபேன் காற்றில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கழுவி உடுறன் டீச்சர்," என்று எழும்பப் பார்த்தான்.

நோனா கையைக் காட்டி மறித்தாள். மகளின் கடதாசியை அந்த உப்புத் தடங்களுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

முஸம்மில் பார்த்தான். இது பெரிய கால், அது சின்னக் கால். இது வெள்ளை, அது நீலம். ஐந்து விரல், கொஞ்சம் முன்பாதம்.

இரண்டிலும் குதிகால் இல்லை.

காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் உப்பு. பாத்தியில் இறங்கிய முதல் வருடம், எரிச்சல் தாங்காமல் தூக்கிய குதிகால். இருபது வருடமாகிறது. இறக்க மறந்துபோயிருந்தான். உப்பளத்தில் எல்லோருக்கும் அதே நடை. யார் யாரைப் பார்த்துச் சொல்வது?

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

எழும்பி நின்று, இரண்டு குதிகாலையும் தரையில் முழுசாக ஊன்றினான். எரிச்சல் உச்சிவரை ஏறியது. ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான்.

முகத்தைச் சுளிக்கவில்லை. அஸ்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.