ஈரத்தோடு முடிந்த சடை

“வேலைய ஒழுங்கா செஞ்சா ரூம் இப்படி நாறுமா?”

“காலைலதான் சார் ஃபினாயில் ஊத்திக் கழுவினேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? மேனேஜர் வரட்டும், உன் வேலை என்னாகுதுன்னு பாக்கலாம்.”

கணவர் குளியலறை வாசலில் நின்று எகிறுகிறார். விடுதியின் துப்புரவுக்காரம்மா தரையில் மண்டியிட்டு, சாக்கடை மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டுத் துழாவுகிறாள். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையில் சுற்றிய துணியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறாள். உள்ளே இருப்பவை, இந்த விடுமுறைக்கென்றே ஆசைப்பட்டுப் பின்னிக்கொண்ட செயற்கைச் சடைகள். இந்த வயதில் தேவையா என்று கேட்ட கணவரிடம் மல்லுக்கட்டிப் போட்டுக்கொண்டவை. கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, விரித்துக் காயவைக்கணும் என்று பார்லர் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். இவளோ நேற்று ஈரத்தோடு அள்ளி முடிந்து துணியைச் சுற்றிவிட்டாள். இப்போது லேசாகக் குனிந்தாலே பூசணம் பிடித்த பாயின் வாடை.

“இதுல ஒண்ணுமில்ல சார். வேணும்னா மோந்து பாருங்க.”

“சாக்கடைய மோந்து பாக்கவா லீவு போட்டு வந்தேன்?”

மேனேஜரின் செருப்புச் சத்தம் படியேறி வருகிறது. மனைவிக்குக் காது மடல் வரை சுடுகிறது.

“அவங்கள விடுங்க. நாத்தம் என் தலைலேருந்துதான் வருது.”

துணியை அவிழ்க்கிறாள். சடைகள் சொதசொதவென்று தோளில் விழுகின்றன. கணவர் போய் ஜன்னலைத் திறக்கிறார். துப்புரவுக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழற்றிய மூடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாவிடம் இவள் இப்போது என்ன சொல்லலாம்? உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள்.