கடைசித் தாள்

"இனிமே மாரப்பன் கடையில ஒரு வாய் டீ குடிச்சேன்னா ஏன்னு கேளு," என்றாள் ராமக்காள், அழுகல் தக்காளி ஒன்றை ஓரமாக எறிந்தபடி. "நான் மட்டுமில்ல. தெருவுல ஒரு பொம்பள அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்."

எழிலரசி எதிரில் உட்கார்ந்தாள். மாரண்டஹள்ளி சந்தைக்குப் போகவேண்டிய தக்காளி இருவருக்கும் நடுவில் குவிந்து கிடந்தது. அவள் மடியில் ஒரு பழுப்பு உறை. அடுத்த வீட்டிலிருந்து இங்கே வர நாலு எட்டுதான். அந்த நாலு எட்டு வைக்க அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. ராமக்காளிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும்.

"மாரப்பண்ணன் என்ன பண்ணாரு பெரிம்மா?"

"வேற யாரு பண்ணுவா? போலீசு வந்தா அவன் கடை பெஞ்சுலதான உக்காருது. ஒரு டீயக் குடுத்துட்டு உன்னப் பத்தி ஓதிட்டான். கைக்கு வந்த கவருமெண்டு வேல போச்சு."

போயேவிட்டது. ஏழு வருஷம் விழுந்து விழுந்து படித்து, பரீட்சையில் தேறி, சான்றிதழெல்லாம் காட்டி முடித்த பிறகு, போலீஸ் விசாரணை அறிக்கை சரியில்லை என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். இன்னொரு பரீட்சை எழுத வயது இல்லை. வக்கீல் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்த அறிக்கையின் நகல்தான் அந்த உறைக்குள் இருந்தது.

"என்னதான் எழுதியிருக்கறான், படி கேப்போம். எனக்கு எழுத்துதான் தெரியாது, காது இருக்குது."

எழிலரசி தாள்களை எடுத்தாள். கடைசித் தாளை மட்டும் உறைக்குள்ளேயே விட்டுவிட்டு வாசித்தாள்.

"'மேற்படி நபர் கல்குவாரிக்கு எதிரான போராட்டங்களை முன்னின்று நடத்துபவர்.'"

"என்ன பெரிய போராட்டம்? வெடி வெச்சு வெச்சு வூட்டுச் செவுரெல்லாம் பொளந்து கெடக்குது, ஏரித் தண்ணி மாவு கரைச்சாப்ல இருக்குதுன்னு காலிக் கொடத்தோட உக்காந்தோம். நானும்தான் உக்காந்தேன். ஒரு கல்ல எடுத்தோமா? கல்லு பூராவும் அவனுங்ககிட்டதான இருக்குது."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"'இவரது ஒரு சொல்லுக்கு ஐம்பது பெண்கள் திரள்வர். வெளிமாநில நபர்கள் இவரது வீட்டுக்கு வந்து, உணவருந்திச் செல்கின்றனர். உயர் அதிகாரிகளுக்கும் அஞ்சாதவர்.'"

"பாத்தியா? கூடவே இருந்து பாத்தாப்லயே சொல்லியிருக்கறான். அவன் வூட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துறனா இல்லையா பாரு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க பெரிம்மா," என்றாள் எழிலரசி வெடுக்கென்று.

ராமக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"சரி, வுடு கண்ணு. போனது போவுட்டும். ஒங்கம்மா இருந்தா அவ பாத்துக்குவா. அவ இல்ல, நாந்தான் பாக்கணும். முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு ஒரு சேதிய வயித்துக்குள்ளயே வெச்சிருந்தேன். ஆடி மாசம் உன்ன விசாரிச்சுக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. காரிமங்கலம் பக்கமாம். நல்ல ஒசரம்."

எழிலரசியின் விரல்கள் உறையை இறுக்கின.

"என்ன கேட்டாரு?"

"பொண்ணு எப்படி, கொணம் எப்படி, வூட்டுக்கு யாரு வருவா போவான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. ஆடியில கல்யாணப் பேச்ச எடுப்பாங்களா? அவரும் வாயத் தொறந்து சொல்லல, நானும் கேக்கல. பொம்பளப் புள்ளயப் பத்தி இம்புட்டு அக்கறையா வேற எதுக்குக் கேப்பாங்க?"

"நீங்க என்ன சொன்னீங்க பெரிம்மா?"

"நானா வுட்டுக் குடுப்பேன்? அவ ஒரு வார்த்த சொன்னா அம்பது பொம்பளைங்க வந்து நிப்பாங்க, அப்பேர்ப்பட்டவ ஒரு குடும்பத்தக் கட்டி ஆள மாட்டாளான்னேன். பெங்களூர்ல இருந்தெல்லாம் படிச்சவங்க வந்து அவ கையால சாப்புட்டுட்டுப் போறாங்கன்னேன். கலெக்டரே வந்தாலும் பயப்பட மாட்டான்னேன். களியும் கீரைக் கொழம்பும் போட்டேன். சாப்புட்டு முடிக்கற வரைக்கும் தல நிமிரல மனுசன். அம்புட்டுக் கூச்சம். ஆவணி பொறந்ததும் வருவாங்கன்னு பாத்தேன். ஐப்பசியும் வந்துருச்சு, ஆளக் காணோம்."

எழிலரசி ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாரப்பண்ணன் மேல பழி போடாதீங்க பெரிம்மா. அவரு ஒண்ணும் சொல்லல."

"அப்ப யாரு சொன்னாங்கற?"

"யாரா இருந்தா என்ன. சாயந்தரம் நாம ரெண்டு பேரும் அவரு கடையில போயி டீ குடிக்கலாம்."

"என்னமோ போ. அது கெடக்கட்டும், அவங்க வருவாங்களா மாட்டாங்களா? வெறுங்கையோடயும் அனுப்பல கண்ணு. நம்ம சோபனா கல்யாணத்துல நாம ரெண்டு பேரும் நின்னு எடுத்தமே போட்டோ, அதையும் குடுத்துட்டேன். இந்தக் கெழவிய வெட்டிட்டு இவள மட்டும் மாப்பிள்ளைக்குக் காட்டுங்கன்னேன்."

கேட்க வந்ததை எழிலரசி கேட்கவே இல்லை.

"வருவாங்க பெரிம்மா," என்றாள். "கார்த்திகையில வருவாங்க."

உறையின் வாயை அவள் மடித்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே, கடைசித் தாளில் ஒட்டியிருந்த படத்தில் எழிலரசி பட்டுச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவளை வெட்டி எடுத்த பிறகும், அவள் தோளை அணைத்திருந்த கண்ணாடி வளையல் கை மட்டும் அப்படியே இருந்தது.