பதினோரு முறை பிரித்த ரேடியோ

"பாடுதா?"

எட்டு மாதங்களுக்கு முன்னால் கணவர் முதன்முதலாக இப்படிக் கேட்டபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர் ரேடியோவை மேசையில் கவிழ்த்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

பழைய கார் ஒன்றுக்கென்றே அந்தக் கார் கம்பெனி செய்த ரேடியோ அது. துருப்பிடித்த டப்பாவாக வந்ததை, பட்டன் முதல் வால்வு வரை அசல் சாமானாகவே தேடிப் போட்டிருந்தார். ரேடியோ மெக்கானிக்கான அவருக்குக் காது போய் மூன்று வருஷமாகிறது. ரிப்பேருக்குக் கண்ணும் கையும் போதும். பாடுகிறதா என்று சொல்லத்தான் அவள் வேண்டும்.

"மீட்டர்ல ஊசி ஆடுது. தொட்டா ஸ்பீக்கர் அதிருது. ஆனா அது பாட்டா, வெறும் இரைச்சலான்னு நீதான் சொல்லணும். மீட்டரை விட உன் காதைத்தான் நான் நம்புவேன்."

அவள் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோவாள். பிறகு சிலேட்டை எடுத்து 'இல்லை' என்று எழுதுவாள். அந்த வீட்டில் அவர் பேசுவார், அவள் எழுதுவாள்.

பதினோரு முறை பிரித்தார், பதினோரு முறை மாட்டினார். தட்டில் சோறு ஆறிக்கொண்டேயிருந்தது. மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். அடுத்த முறை "பாடுதா?" என்று கேட்டபோது அவளுக்குக் கை ஓய்ந்து போயிருந்தது. 'பாடுது' என்று எழுதிவிட்டாள். ஒரு ராத்திரியாவது தூங்கட்டுமே.

தூங்கினார். ஆனால் விடிந்ததும் ரேடியோ விற்பனைக்கு என்று நாலு பேருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரமே ஆள் வந்துவிட்டது. குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தவள் திடுக்கிட்டு நின்றாள். வாசலில் ஓங்கிய கையோடு ஓர் இளைஞர். ரேடியோ வாங்க வருவதாகச் சொல்லியிருந்த பல் டாக்டர். பின்னால் அவருடைய பழைய கார் பளபளவென்று நின்றது.

"எவ்வளவு நேரமாம்மா தட்டறது? கை வலிக்குது!"

"அவருக்குக் காது கேக்காது தம்பி."

சொன்னதுதான் தாமதம். அந்த வீட்டுக்கு வருகிற எல்லோரையும் போல டாக்டரும் அவளிடம்கூடக் கத்தியே பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமா தேடறேன்மா! இப்ப ஒரு பிளாஸ்டிக் செட்டை வெச்சிருக்கேன். பல்லு போன இடத்துல பபிள்கம் ஒட்டின மாதிரி இருக்கு!"

கணவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் செட்டைக் கழற்றிப் போட்டார். பழைய ரேடியோ அந்த ஓட்டையில் உறைக்குள் கத்தி மாதிரி போய் உட்கார்ந்தது. டாக்டர் ஆசையாகக் கையை நீட்டினார். கணவர் தடுத்தார்.

"இருங்க. முதல்ல இவ கேக்கட்டும். இவ சரின்னு சொன்னாத்தான் இது என் கையை விட்டுப் போகும்."

இன்றைக்கு அவள் எழுதிய பொய் வெளுத்துவிடும். டாக்டர் திட்டிவிட்டுப் போவார், அது பெரிதில்லை. இனி அவள் காதை மட்டுமல்ல, அவளையே இவர் நம்ப மாட்டார்.

டாக்டருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குமிழைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அரை நிமிஷம் போனது. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு முனகலாவது வராதா என்று கடைசி வரைக்கும் திருப்பினாள்.

டாக்டர் முகத்தைச் சுளித்தார். எதிர் மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன. பக்கத்துக் கடைத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். மானம் போகிற நேரத்தில் மட்டும் எப்படித்தான் கூட்டம் சேருமோ.

கணவர் ஜன்னலில் குனிந்தார். "பாடுதா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு பொய்க்கு உடம்பில் தெம்பில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிடுங்க தம்பி. இது பாடாது. ஒரு நாளும் பாடினதில்ல. அவர் தூங்கட்டுமேன்னு நான்தான் பொய் சொன்னேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டரின் உதடு அசைந்தது.

"என்ன தம்பி?"

அவர் இரண்டு கைகளையும் குவித்து அவள் காதருகே கொண்டுவந்து அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கலம்மா! முதல்ல பாட்டைக் குறைங்க, தெருவே வந்து நிக்குது!"

கணவர் நிமிர்ந்து எதிர் மாடியைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு நின்ற தையல்காரரைப் பார்த்தார். குமிழின் மேல் இன்னும் அப்படியே இருந்த அவள் கையைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சிலேட்டை எடுத்துவர வீட்டுக்குள் போனார்.