சீராகப் போன பேட்டரி

நறுமுகையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, கல்யாணச் சீராகப் போன பேட்டரியைச் சம்பந்தி வீட்டார் வேலூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லாமல் செத்தவளின் சீரை வைத்துக்கொள்ளக் கூடாதாம். முறையில் மட்டும் அவர்கள் குறை வைத்ததே இல்லை. வெயில் தாங்காமல் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள் என்று சொல்லியிருந்தார்கள்.

தணிகாசலம் தன் மொட்டை மாடி சோலார் பேனல்களுக்காக வாங்கிய பேசும் பேட்டரி அது. மகள் புழுக்கத்தில் கிடக்கக் கூடாதென்று கழற்றிக் கொடுத்திருந்தார். ஊர்க் கம்பிகளில் கரண்ட் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. நான்கு கோடைகளாக, பொழுது சாய்ந்ததும் அவர் வீட்டில் விசிறியும் நின்றுவிடும்.

பழைய இடத்திலேயே அதை மாட்டினார். பேட்டரி கேட்டது: "சார்ஜ் குறைந்தால் எதற்கு முதலில் கரண்ட் தரவேண்டும்? முன்பிருந்த வீட்டு வரிசையே இருக்கட்டுமா?"

"என்ன வரிசை?"

"ஹால் ஏசி. பெரியவர் அறை ஏசி. மீன் தொட்டி. வாசல் விளக்கு. கடைசியாகச் சமையலறை விசிறி. சார்ஜ் அதுவரை எட்டியதே இல்லை."

அவர் மனைவி வசுமதி பேட்டரி அருகே வந்தாள். "தெனம் சாயங்காலம் போன்ல, ஃபேனுக்கு அடியிலதாம்மா உக்காந்திருக்கேன்னு சொல்லுவாளேங்க..."

தணிகாசலம் பேட்டரியிடம் சொன்னார்:

"நறுமுகை ரூம் ஃபேன் மொதல்ல."

"அடுத்து?"

"அவ்ளோதான்."

பூட்டிக் கிடந்த அறைக்குள் விசிறி சுழலத் தொடங்கியது. இருவரும் வெளியே, வியர்வை வழிய, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.