துணைக்கு ஆள் வேண்டாம்

“இந்தத் தடவை அசையாம நிக்கணும்மா. இதுவும் கலங்கி வந்துச்சுன்னா டாக்டரால ஒண்ணும் சொல்ல முடியாது.”

ஷமா பொறுமையாகத்தான் சொன்னாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். எதிரே தள்ளுவண்டியில் படுத்திருந்த பூவம்மாள், பாபநாசத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். நாற்றங்கால் வரப்பில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்ததில் முதுகெலும்பில் அடி. நல்ல கனத்த உடம்பு வேறு. படுக்க வைத்து எடுத்த படத்தில் எலும்பு எது, சதை எது என்றே தெரியவில்லை. மார்கழிப் பனியில் வயலைப் பார்ப்பது போல இருந்தது.

டாக்டர் யூனுஸ் கறாராகச் சொல்லிவிட்டார். நிற்க வைத்து, பக்கவாட்டில், தெளிவாக ஒரு படம் வேண்டும். நிற்கும்போது எலும்பு நகர்ந்தால் ஆபரேஷன், நகராவிட்டால் பெல்ட்டோடு போய்விடும். இன்னும் சற்று நேரத்தில் அவர் வேறொரு ஆபரேஷனுக்குப் போகிறார், அதற்குள் படம் வந்தாக வேண்டும்.

ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே பூவம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. முதுகில் கத்தி பட்டால் அப்புறம் நடை ஏது, நடவு ஏது?

ஷமா தைரியம் சொன்னாள். புதிதாக வந்திருக்கும் ரோபோ மெஷினை நம்பித்தான். அது ஒரு அதிசயம்தான். ஒரு கை எக்ஸ்ரே கதிரை வீசும், இன்னொரு கை எதிரே தகட்டை ஏந்திப் படம் பிடிக்கும். நோயாளியைப் புரட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். கைகள்தான் அவரைச் சுற்றி வரும், அதுவும் மயிரிழை பிசகாமல்.

அத்தையின் தலைமாட்டில் நின்றிருந்த மருமகள் கவிப்ரியா, முதல் படம் ஏன் கலங்கியது என்று மெல்லக் கேட்டாள்.

“கதிர் உடம்புக்குள்ள போய் முட்டி நாலா பக்கமும் தெறிக்குதுங்க. மழைத்தண்ணியில டவுன் பஸ் போனா சேறு தெறிக்குமே, அது மாதிரி. கனத்த உடம்புன்னா தெறிக்கறதும் ஜாஸ்தி. அது தகட்டுல விழுந்து படத்தைக் கலக்கிடுது. பக்கத்துல யாராவது நின்னா அவங்க மேலயும் படும்.”

இந்த முறை அதற்கு வழி செய்துவிட்டதாகவும் ஷமா சொன்னாள். கதிரை முதுகெலும்பின் அகலத்துக்கு மட்டும் ஒடுக்கியாயிற்று. முதுகுக்குப் பின்னால் ஓர் ஈயத் தகடு. படம் பிடிக்கும் கையும் கொஞ்சம் தள்ளி நிற்கும், தெறிப்பது அதன்மேல் விழாமல் விலகிப் போய்விடும்.

ஒரே ஒரு சிக்கல். வலியில் பூவம்மாளால் தனியாக நிற்க முடியாது, யாராவது தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஆட்கள் பிடிக்கக் கூடாது, தினம் பிடித்தால் அவர்கள் உடம்பு என்னாவது? மகன் பிரபு பேராவூரணி தேங்காய் மண்டியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மருமகள்தான் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கோட்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்வியை ஷமா கேட்டாள். “நாள் ஏதும் தள்ளிப் போயிருக்குங்களா?”

கவிப்ரியா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூவம்மாள் முந்திக்கொண்டாள்.

“அவளை எதுக்கு இதெல்லாம் கேக்கறே? கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, ஒரு புழு பூச்சியைக் காணோம். இவ கை பட்டா என் எலும்பு கூடவே கூடாது. வெளியே போகச் சொல்லு.”

இப்படியும் ஒரு நாக்கு. கவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஷமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலை வேலைதானே, பிரபு வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் போய்விடுவார், துணைக்கு யாரும் வேண்டாம், நானே நிற்கிறேன் என்றாள் பூவம்மாள்.

நின்றாள். ஆயாக்கள் தூக்கி நிறுத்திவிட்டு வெளியேறியதும், எதிரே இருந்த கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை வழிந்தது, உடம்பு துளியும் ஆடவில்லை. ரோபோக் கைகள் ஓசையில்லாமல் வந்து அவளுக்கு இருபுறமும் நின்றன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த ஷமா கோபத்தையும் மீறி அசந்துபோனாள்.

படம் வந்தது. ஒவ்வொரு எலும்பும் விளிம்பு தெரிய, கோடு போட்டது போல நின்றது. டாக்டர் யூனுஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஓர் எலும்பு அமுங்கியிருந்தது, ஆனால் இம்மிகூட நகரவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த உடம்பில் இப்படி ஒரு படமா என்று மெஷினையும் ஷமாவையும் வாயாரப் புகழ்ந்தார்.

“அதைவிட, இந்த எலும்போட அந்தம்மா தனியா நின்னாங்களே, அதுதாம்மா பெரிசு” என்றார்.

ஷமா திரும்பி வந்து நல்ல சேதியைச் சொன்னாள். சொன்ன கையோடு, மனசு கேட்காமல் அதையும் கேட்டுவிட்டாள். “ஏம்மா, அந்தப் பொண்ணு பாவம் இல்லையா? அப்படியா பேசறது?”

பூவம்மாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது.

“ரெண்டு தடவை தங்காமப் போனவம்மா, இப்ப மறுபடி உண்டாயிருக்கா. மூணு மாசம் முடியட்டும்னு எங்கிட்டகூட மறைச்சு வெச்சிருக்கா. எனக்காக, இல்லைன்னு பொய் சொல்லிட்டு உள்ள வந்து நின்னுடுவாளேன்னுதான் விரட்டினேன். நீ காட்டிக்குடுத்துடாதே, அவ வாயால சொல்றப்ப நான் புதுசா கேக்கணும்.”