அம்றாவின் புறங்கை

ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண் பிள்ளைகளைக் கொழும்பில் ஒப்பரேஷன் செய்து பிரித்தார்கள். தேறிய அம்றாவைத் தூக்கிக்கொண்டு தாய் றிப்கா கலேவெல வீட்டுக்கு வந்துவிட்டாள். இதயம் பலவீனமான ஹம்னா வார்டிலேயே இருந்தாள். துணைக்கு நின்றது றிப்காவின் தங்கை.

அங்கே ஹம்னாவுக்கு ஊசி போட்டால் இங்கே அம்றா வீரிடுவாள். புறங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி எழும்பும். றிப்கா தங்கைக்குப் போன் போட்டுக் கத்துவாள்: "மெதுவாப் போடச் சொல்லுடி, இங்க புள்ள துடிக்குது!"

"எறும்பு கடிச்சிருக்கும்" என்பான் புருஷன் பஸ்லி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹம்னா மௌத்தானாள். ஊருக்குக் கொண்டுவந்து மையவாடியில் அடக்கினார்கள். பஸ்லி பழையபடி தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டப் போனான்.

அவன் வீட்டில் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, சோறு ஊட்டும்போது அம்றா வீரிட்டாள். புறங்கையில் புதுப் புள்ளி.

பஸ்லி குனிந்து பார்த்தான். "எறும்புதான்..."

றிப்கா சோற்றுக் கோப்பையைச் சுவரில் வீசியடித்தாள். "அடக்குன புள்ளைக்கு இன்னும் யாரு ஊசி குத்துறது? சொல்லுங்க!"

அம்றா அழுகையை நிறுத்தினாள். யாரோ கேட்டதுபோல் மற்றக் கையை நீட்டினாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதிலும் ஒரு புள்ளி மெல்லச் சிவந்தது.